பெருக்கித் துடைக்கும் இயந்திரம்: அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி இது: சென்னையில் 1,100 சதுர அடி அடுக்குமாடி வீடு. முழுக்க வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ், பூஜை அறையில் மட்டும் கறுப்பு கிரானைட். வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஊருக்குப் போய்விட்டார். கணவன், மனைவி இருவரும் அலுவலகம் போகிறவர்கள். பகலில் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு மூட்டுவலி. பெருக்குவதையும் துடைப்பதையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரம் வாங்கலாம் என்று தேடினால் 15,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை கிடைக்கிறது. கையால் தள்ளுவதா, ரோபோவா, எதை வாங்குவது?

நான் கோயம்புத்தூரில் வேக்குவம் கிளீனர், மிக்ஸி, வாட்டர் ஹீட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எதையும் விற்பதில்லை. இந்த இயந்திரங்கள் என்னிடம் வருவது கெட்ட பிறகுதான். அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்டால் ஊரே நோயாளி என்றுதான் தோன்றும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கடைக்குப் போனால் உறிஞ்சும் திறன் எத்தனை பாஸ்கல், பேட்டரி எத்தனை நிமிடம் என்று விற்பவர் தொடங்குவார். அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: துடைத்த அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது? இந்தப் பதிலை வைத்தே சந்தையில் இருக்கும் அத்தனையையும் தரம் பிரித்துவிடலாம்.

ஏன் இந்தக் கேள்வி என்றால், வாளியும் மாப்பும் தோற்பதே இந்த இடத்தில்தான். முதல் அறைக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும். மூன்றாவது அறைக்குப் போவதற்குள் அது அரிசி கழுவிய தண்ணீரையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். அதன் பிறகு நாம் துடைப்பதில்லை, கூடத்து அழுக்கைப் படுக்கையறைக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். தரை காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தால் ஒரு மங்கலான படலம் தெரியுமே, அது இந்தப் பங்கீடுதான். வேலை செய்கிறவர் சரியாகத் துடைப்பதில்லை என்று அவர் மேல் பழி போடுகிறோம். குற்றம் தண்ணீரில் இருக்கிறது.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். முதல் வகையில் அழுக்கு எங்கும் போவதில்லை, துணியிலேயே தங்கிவிடுகிறது. விலை குறைந்த ரோபோக்களில் பெரும்பாலானவை இப்படித்தான். முன்பக்கம் தூசியை உறிஞ்சும். பின்பக்கம் ஒரு தட்டில் ஒட்டிய ஈரத்துணி தரையில் இழுபட்டு வரும். தொட்டியிலிருந்து துணிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். 2020-இல் ஷாவ்மி இந்தியாவில் 17,999 ரூபாய்க்கு விற்கத் தொடங்கிய ரோபோ இந்த வகைதான். ரோபோ என்பது பணக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருள் என்ற எண்ணத்தை அசைத்துப் பார்த்தது அது. ஆனால் துடைப்பது என்று அது செய்ததைத் துடைப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணிக்கு மேலிருந்து அழுத்தம் இல்லை. நம் வீட்டில் மாப்பைப் பிடிப்பவர் கறை தெரிந்த இடத்தில் நின்று, இரண்டு கையாலும் அழுத்தி, நாலு தடவை தேய்ப்பார். இது கறையையும் தரையையும் ஒன்றாகவே பாவித்து நகர்ந்துவிடும். முந்நூறு, நானூறு சதுர அடி போன பிறகு அந்தத் துணி உங்கள் வாளியின் மூன்றாவது அறை நிலைக்கு வந்துவிடுகிறது.

ரோபோராக் என்ற நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த எஸ்7 என்ற ரோபோவில் துணி நிமிடத்துக்கு 3,000 தடவை வரை அதிர்ந்து தேய்த்தது. தரைவிரிப்பு வந்தால் துணியை 5 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டது. நல்ல முன்னேற்றம்தான். காய்ந்த டீத்துளி போன்றவை அதற்கு மசிந்தன. ஆனாலும் அழுக்கு அதே துணியில்தான். கையில் பிடிக்கும் குச்சி வேக்குவம் கிளீனர்களோடு இலவசமாகத் தரும் 'மாப் இணைப்பு' பெரும்பாலும் இந்த முதல் வகையே. இலவசத்துக்கு உரிய மரியாதையை அதற்குக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது வகையில் அழுக்குத் தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே தனித் தொட்டிக்குப் போகிறது. கையால் தள்ளும், நின்ற நிலையில் இருக்கும், தரை கழுவும் இயந்திரங்கள் இவை. இவற்றில் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் சூட்சுமம் புரியும். (தொட்டிகளைக் கழற்றிவிட்டுக் கவிழ்க்க வேண்டும். கழற்றாமல் கவிழ்த்து மோட்டாருக்குள் தண்ணீர் விட்டவர்கள் என் நிரந்தர வாடிக்கையாளர்கள்.) பஞ்சுபோன்ற குட்டையான இழைகள் நெருக்கமாக வைத்த ஓர் உருளை. அதற்கு மேலே நல்ல தண்ணீர் கசியும் துளைகள். உருளை நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுழல்கிறது. தரையைத் தேய்த்துவிட்டு மேலே வரும்போது ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விளிம்பு அதன்மேல் அழுத்தி, தோசைக்கல்லைத் திருப்பியால் வழிப்பதுபோல, அழுக்குத் தண்ணீரை வழித்தெடுக்கிறது. வழித்த சேற்றை மட்டும் காற்று உறிஞ்சித் தொட்டிக்குக் கொண்டுபோகிறது. உருளை மறுபடி தரையைத் தொடும்போது புதுத் தண்ணீரோடு தொடுகிறது. வாளி முறையில் ஒருபோதும் நடக்காத காரியம் இது.

பிஸ்ஸல் என்ற அமெரிக்க நிறுவனம் 1876-இல் தரைவிரிப்பைக் கூட்டும் கைக்கருவியோடு தொடங்கியது. அதன் கிராஸ்வேவ் என்ற இயந்திரம்தான் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் இந்த வகையை வீடுகளுக்குள் பரவலாகக் கொண்டுவந்தது. அப்போது மின்கம்பியோடு வந்தது. பிறகு எக்கோவாக்ஸ் குழுமத்தின் டினெக்கோ கம்பியை நீக்கி, தண்ணீர் எவ்வளவு கலங்கலாக வருகிறது என்று பார்க்கும் சென்சார் ஒன்றையும் வைத்தது. தரை அழுக்காக இருந்தால் அதன் திரையில் ஓர் ஒளி வளையம் சிவப்பாக எரியும், சுத்தமானதும் நீலமாகும். விளையாட்டுபோலத் தெரியும். ஆனால் சமையல் அடுப்புக்கு முன்னால் அது சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற எத்தனை தடவை தள்ள வேண்டியிருக்கிறது என்று பார்த்தவர்கள், அதற்குமுன் அங்கே 'துடைத்து' வைத்திருந்தது என்ன என்று யோசிக்கத்தான் செய்வார்கள். ரோபோராக்கின் டையாட், டிரீமியின் எச் வரிசை எல்லாம் இதே குடும்பம்.

டைசன் இதில் வேறு வழி போனது. சப்மரீன் என்ற தலைப்பகுதியை மாட்டினால் அதன் குச்சி வேக்குவம் கிளீனர் ஈரமாகத் துடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் உறிஞ்சாது. தொட்டியும் 300 மில்லிலிட்டர்தான். 2024-இல் வந்த வாஷ் ஜி1 என்ற மாடலில் உறிஞ்சும் மோட்டாரே இல்லை. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் தேய்த்து, குப்பையை ஒரு தட்டிலும் தண்ணீரை இன்னொரு தொட்டியிலும் பிரித்துவிடுகின்றன. உறிஞ்சாமல் எப்படி என்று முதலில் எனக்கும் சந்தேகம் இருந்தது. பிரித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது: மோட்டார் இல்லாததால் காற்றுக்குழாய் இல்லை, குழாய் இல்லாததால் அதற்குள் நாறுவதற்கு ஒன்றும் இல்லை.

நாற்றம் என்ற சொல் வந்துவிட்டது. ஆகவே அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன், ஏனென்றால் இந்த வகை இயந்திரத்தின் தலையெழுத்தே அதில் இருக்கிறது.

போன மார்கழியில் ஓர் அம்மையார் ஆறு மாதம்கூட ஆகாத இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 'உறிஞ்சவில்லை, வீடெல்லாம் நாற்றம்' என்றார். அழுக்குத் தொட்டியைத் திறந்ததும் புளித்துப்போன தோசைமாவு வாடை கடையை நிறைத்தது. உண்மையிலேயே மாவுதான். வாசலில் அரிசிமாவுக் கோலம், காலில் ஒட்டிக்கொண்டு கூடம்வரை வந்த மாவு, அதை இயந்திரம் தண்ணீரோடு உள்ளே இழுத்திருக்கிறது. தொட்டியை 'நிறைந்தால் கொட்டுவோம்' என்று மூன்று நாள் அப்படியே வைத்திருக்கிறார்கள். வடிகட்டியில் கஞ்சி காய்ந்து அட்டைபோல ஒட்டியிருந்தது. உருளையின் இரு முனைகளிலும் தலைமுடி கயிறாகத் திரிந்து, அதற்கு நடுவில் மல்லிகைச் சரத்தின் நார் இறுகிக் கிடந்தது. கத்திரியால் வெட்டி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு பாகமும் கெடவில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, கழுவுவதற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

நம் ஊர் வெப்பத்தில் அழுக்குத் தண்ணீர் ஓர் இரவு தங்கினாலே வாடை வந்துவிடும். ஒவ்வொரு முறை துடைத்த பிறகும் தொட்டியைக் கொட்ட வேண்டும், அலச வேண்டும், உருளையைக் காயவிட வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் 'தானே சுத்தம் செய்துகொள்ளும்' பொத்தான் இருக்கிறது. சார்ஜ் ஏறும் தாங்கியில் நிறுத்தி அழுத்தினால் உருளையைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கழுவும். ஆனால் தொட்டியை அது கழுவாது. கழுவிய தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் வரும். விலை கூடிய மாடல்களில் உருளையைச் சூடான காற்றால் உலர்த்தும் வசதி உண்டு. மற்ற அலங்காரங்களை எல்லாம் விட்டுவிடுங்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர உருளை இரண்டு நாளானாலும் காயாது.

இப்போது மூன்றாவது வகை: அழுக்குத் தண்ணீர் ரோபோவிலிருந்து, அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளத் திரும்பும் நிலையத்துக்குப் போகிறது. நார்வால் என்ற சீன நிறுவனம் 2019 வாக்கில் இதைத் தொடங்கிவைத்தது. ரோபோவின் அடியில் இரண்டு வட்டத் துணிகள் அழுத்திச் சுழலும். சில சதுர மீட்டர் முடித்ததும் ரோபோ தானே நிலையத்துக்குத் திரும்பும். அங்கே துணிகளைக் கழுவிப் பிழிந்துகொண்டு மறுபடி வேலைக்குக் கிளம்பும். நிலையத்தில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குக்கு ஒரு தொட்டி. இப்போது மற்ற நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. வெந்நீரில் கழுவுவது, சூடான காற்றில் உலர்த்துவது, தூசியைப் பையில் உறிஞ்சிக்கொள்வது என்று நிலையம் ஒரு சின்ன பீரோ அளவுக்கு வளர்ந்துவிட்டது. மிகச் சமீபத்தில் வட்டத் துணிக்குப் பதில், கைத்தள்ளு இயந்திரத்தைப்போலவே ஓடும்போதே கழுவப்படும் உருளை வைத்த ரோபோக்களும் வந்துள்ளன. கொள்கை அளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கொள்கை சரி, நம் வீடுகளில்தான் சிக்கல். பெரும்பாலான ரோபோக்கள் சுமார் 2 செ.மீ. உயரம்வரைதான் ஏறும். பழைய வீடுகளின் வாசற்படி அதைவிட உயரம். உங்கள் அடுக்குமாடியில் அறைகளுக்கு நடுவே கிரானைட் பட்டை எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அறையை அளந்து வரைபடம் போடும் லேசர் கோபுரத்தைத் தலையில் வைத்த ரோபோவின் உயரம் ஏறக்குறைய 10 செ.மீ. கட்டிலுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், தூசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. அடுத்தது உங்கள் கறுப்பு கிரானைட். மாடிப்படியில் விழாமல் இருக்க ரோபோவின் வயிற்றில் அகச்சிவப்புச் சென்சார்கள் இருக்கும். தரையிலிருந்து ஒளி திரும்பி வந்தால் தரை இருக்கிறது, வராவிட்டால் பள்ளம் என்பது அதன் கணக்கு. கறுப்புத் தரை ஒளியை விழுங்கிவிடுவதால் சில ரோபோக்கள் அதைக் கிணறு என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடும். பூஜை அறைக்கு ரோபோ போகாமல் இருப்பது ஒருவகையில் நல்லதுதான். தரையில் குத்துவிளக்கு எரியும் இடத்துக்கு ஆளில்லாத இயந்திரத்தை அனுப்பக்கூடாது. போகும் ரோபோவாக இருந்தாலும் செயலியின் வரைபடத்தில் அந்த அறையைத் தடை செய்துவிடுங்கள். நிலைப்படியில் போட்ட கோலத்தை ஈரத் துணியோடு அது எப்படிக் 'கையாளும்' என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பாஸ்கலைப் பற்றி ஒரு வார்த்தை. ரோபோ விளம்பரங்களில் 2,500 பாஸ்கல், 8,000, இப்போது 20,000-க்கும் மேல் என்று ஏலம் போகிறது. இது வாயை முழுக்க அடைத்துவைத்து அளக்கும் எண். குழாய் வாயை விரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், விரலை எடுத்தால் போய்விடும் அல்லவா, அதுபோல. தரையில் ஓடும்போது வாய் திறந்திருக்கிறது. அங்கே வேலை செய்வது எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதுதான். அதுவுமில்லாமல், வேக்குவம் கிளீனரே தரைவிரிப்பு போட்ட நாடுகளின் சரக்கு. ஹியூபர்ட் பூத் என்ற பொறியாளர் 1901-இல் லண்டனில் குதிரை வண்டியில் வைத்து இழுத்துப்போன முதல் இயந்திரமே தரைவிரிப்புகளையும் மெத்தை நாற்காலிகளையும் சுத்தம் செய்யத்தான். கம்பளி இழைக்குள் புகுந்த மண்ணை இழுக்கப் பெரிய அழுத்தம் தேவை. வழவழப்பான டைல்ஸ் மேல் கிடக்கும் தூசியை வாயால் ஊதினாலே நகரும். நமக்குத் தேவை தூசியை எழுப்புவதல்ல, எழுந்ததைப் பிடித்துவைப்பதும் ஒட்டியதைத் தேய்ப்பதும். ஆகவே 4,000-க்கும் 12,000-க்கும் நடுவே உங்கள் வெள்ளை டைல்ஸில் நீங்கள் உணரும் வித்தியாசம் குறைவு. பணத்தை அங்கே போடாதீர்கள்.

'ஈர இயந்திரம் வாங்கினால் முதலில் பெருக்க வேண்டாம் அல்லவா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். தூசி, முடி, சிந்திய சாம்பார், உடைந்த அப்பளம், கொட்டிய திருநீறு ஆகியவற்றைப் பெருக்காமலே அது எடுத்துவிடும். திருநீறு, மைதா போன்ற நுண்பொடிகளில் சாதா வேக்குவம் கிளீனரின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஈர இயந்திரம் அவற்றைச் சேறாக்கி விழுங்கிவிடும். அதில் இதற்கே வெற்றி. ஆனால் மணல், கொட்டிய அரிசி, காய்கறித் தோல், பூச்சரம் கிடந்தால் துடைப்பத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். மணல் உருளையில் சிக்கினால் தரையில் கோடு போடும். பால்கனியை இதை வைத்துத் துடைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தென்னந்துடைப்பம் 60 ரூபாய்.

மூலைகளும் அப்படித்தான். உருளையின் அச்சு ஒரு பக்கம் பெட்டிக்குள் இருப்பதால், பழைய மாடல்களில் சுவரோரம் ஒரு விரல் அகலத்துக்குத் துடைபடாத கோடு தங்கும். புதியவற்றில் ஒரு பக்கமாவது விளிம்புவரை போகிறது. கடையில் சுவரோரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தரை வகையை நீங்கள் விட்ரிஃபைடு என்று சொல்லிவிட்டதால் உங்களுக்குக் கவலை இல்லை. அது தண்ணீரை உறிஞ்சாத தரை, எந்த இயந்திரமும் ஓடலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: மார்பிள், மொசைக் தரையில் எலுமிச்சை, வினிகர், ஆசிட் கலந்த எந்தத் திரவமும் கூடாது. சுண்ணாம்புக் கல் அமிலம் பட்டால் அரித்துப் பளபளப்பை இழந்துவிடும். ஆத்தங்குடிக் கல், சிவப்பு ஆக்சைடு தரை இரண்டும் சிமென்ட்டில் செய்தவை, தண்ணீரை மெல்லக் குடிக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வந்த அந்த மெருகை இயந்திரத்தின் சோப்புத் திரவம் கரைத்துவிடும். என் அத்தை வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் நான் வெறும் தண்ணீரும், மிகக் குறைந்த வேகமும் மட்டும் வைத்து ஓட்டினேன். அத்தை அதற்கும் சம்மதிக்கவில்லை, நான் போன பிறகு பழைய துணியில் எண்ணெய் தொட்டு மறுபடி தேய்த்தாராம். லேமினேட் மரத்தரை வைத்தவர்கள் உருளை இயந்திரத்தை நிறுத்திவைத்து ஈரம் ஊற விடாதீர்கள். இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் பலகை உப்பும்.

தொட்டியில் ஊற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி பழுது இதனால். ஃபினாயில் ஊற்றாதீர்கள். நறுமணத்துக்காக நுரைக்கும் எதையும் ஊற்றாதீர்கள். அழுக்குத் தொட்டியில் நுரை எழும்பினால் மிதவையும் சென்சாரும் தொட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்து இயந்திரத்தை நிறுத்தும், அல்லது நுரை மோட்டார் பக்கம் போகும். நிறுவனம் தரும் திரவம் விலை அதிகம் என்றால் வெறும் தண்ணீரே போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் நுரை குறைந்த திரவத்தைச் சில துளி சேர்க்கலாம். அடுத்து, சென்னையில் பலரும் ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தரை துடைக்கிறார்கள். வாளிக்கு அது சிக்கனம். இந்தத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். ஆர்.ஓ. பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. நுண்ணிய துளைகளில் அது காய்ந்து படிந்தால் உருளையின் ஒரு பகுதி நனையாமலே சுழலும். கறுப்பு கிரானைட்டில் வெள்ளைத் திட்டும் விழும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே உள்ளவர்களுக்கு இதே தொல்லை கொஞ்சம் மெதுவாக வரும். தொட்டியை ஒரு தடவை நிரப்பக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீர் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் செலவாகும். வாளியில் பத்து லிட்டர் ஊற்றியவர்களுக்கு இது பெரிய தியாகமல்ல.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதாகச் சொன்னால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட். சில சார்ஜர்கள் 100 முதல் 240 வரை தாங்கும், அதைச் சார்ஜரிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் உலர்த்தும் வசதி கொண்ட தாங்கிகள் சில 120-க்கு மட்டும் செய்யப்பட்டவை. ஆசையாகத் தம்பி கொண்டுவந்த இயந்திரத்தின் தாங்கியை நம் பிளக்கில் செருகிப் புகை வரவைத்த ஒருவர், பாவம், திறக்காத உருளைப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். தாங்கி இல்லாமல் அந்த இயந்திரம் இப்போது ஒரு கனமான குச்சி.

இனி உங்கள் வீடு. ஒரே இயந்திரத்தில் இரண்டு வேலையும் என்று கேட்டீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன். தூசி தினமும் விழுகிறது, கறை எப்போதாவதுதான் விழுகிறது. இரண்டுக்கும் ஒரே தாளம் இல்லை. தினத் தூசிக்கு விலை குறைந்த, ஆனால் லேசர் வரைபடம் போடும் ரோபோ ஒன்றை எடுங்கள். அதன் ஈரத்துணியை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். காலையில் நீங்கள் கிளம்பிய பிறகு உலர்ந்த நிலையில் பெருக்கட்டும். அம்மா செய்ய வேண்டியது அதன் தூசிப் பெட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் தட்டுவது மட்டும். குனிய வேண்டுமென்றால் அதையும் நீங்களே மாலையில் செய்யலாம், ஒரு நாள் தூசி அழுகாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நீங்களோ உங்கள் கணவரோ, கைத்தள்ளு ஈர இயந்திரத்தால் துடைத்துவிடுங்கள். 1,100 சதுர அடியில் கட்டில், சோபா, அலமாரி போகத் துடைக்கும் தரை எழுநூறு இருக்கும். இடையில் ஒருமுறை தண்ணீர் நிரப்புவதோடு அரைமணி நேரம். ரோபோ முன்பே தூசியை எடுத்துவிடுவதால் ஈர இயந்திரத்தின் தொட்டியில் முடியும் சேறும் குறையும். அதன் ஆயுளும் கூடும், கழுவுகிறவரின் பொறுமையும் கூடும். நடுத்தர மாடல்களாகப் பார்த்து வாங்கினால் இரண்டும் சேர்த்து, நிலையத்தோடு வரும் ஒரு நல்ல ரோபோவின் விலைக்குள் முடிந்துவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கைத்தள்ளு இயந்திரம். கையில் பணம் தாராளமாக இருந்து, வாசற்படிகளும் தாழ்வாக இருந்து, பால்கனியிலோ சலவை இயந்திரத்தின் பக்கத்திலோ வடிகாலோடு இடம் இருந்தால் நிலைய ரோபோவைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் அழுக்குத் தொட்டியை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை நீங்கள்தான் கொட்ட வேண்டும். 'மாதக்கணக்கில் தொட வேண்டாம்' என்ற விளம்பரம் தூசிப்பையைப் பற்றியது, அழுக்குத் தண்ணீரைப் பற்றியதல்ல.

அம்மாவுக்கு ஈர இயந்திரத்தைத் தள்ள முடியுமா என்றால், தள்ள முடியும். உருளை சுழலும்போதே அது முன்னால் இழுத்துக்கொண்டு போகும், கூடப் போவது போலத்தான் இருக்கும். பின்னால் இழுப்பதும், திருப்புவதும், படியில் தூக்குவதும்தான் மூட்டுக்குப் பகை. தொட்டிகள் நிறைந்த நிலையில் அநேகமாக ஐந்து கிலோ இருக்கும். கட்டிலுக்கடியில் போகப் படுத்த நிலைக்குச் சாயும் மாடல் என்றால் குனிய வேண்டியதில்லை. ஆனால் எல்லா மாடலும் அப்படிச் சாயாது. சாயாத மாடலைச் சாய்த்தால் அழுக்குத் தண்ணீர் மோட்டாருக்குப் போகும்.

வாங்குவதற்கு முன் உதிரி உருளை, வடிகட்டி, பேட்டரி மூன்றும் தனியாகக் கிடைக்கிறதா, சேவை மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். உருளை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும். பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் தளரும். திருகு கழற்றி நாமே மாற்றக்கூடிய பேட்டரி என்றால் இன்னும் மூன்றாண்டு ஓடும். உள்ளேயே ஒட்டி அடைத்த பேட்டரி என்றால் இயந்திரமே குப்பைக்குப் போகும்.

அழுக்குத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், முடியும் மண்ணும் வளைகுழாயில் தங்கும். பழைய டீ வடிகட்டி ஒன்றை ஒதுக்கி, அதன் வழியாகக் கழிப்பறையில் கொட்டுங்கள். கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் ஓட்டிக் காட்டிய பிறகு, அழுக்குத் தொட்டியை அம்மாவே தம் கையால் கழற்றி, மூடியைத் திறந்து, மறுபடி மாட்டிப் பார்க்கட்டும். விரல் வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.